பழைய ரஷ்யாவின் படங்கள்: எங்கே தேடுவது, எதை நம்புவது

கேள்வி: கல்லூரிக் கருத்தரங்குக்காக ரஷ்ய வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஜார் காலத்திலிருந்து சோவியத் காலம் வரை எடுத்த அசல் புகைப்படங்கள் எங்கே கிடைக்கும்? இணையத்தில் சுற்றிவரும் படங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பதிப்பகத்துக்குப் படம் தேடித் தரும் வேலை பார்த்தேன். ரஷ்யப் புரட்சி பற்றிய சிறு நூல் ஒன்றுக்குக் பீட்டர்ஸ்பர்க்கின் குளிர்கால அரண்மனையை வீரர்கள் ஓடிச்சென்று தாக்கும் படத்தைக் கொடுத்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: பரந்த மைதானம், எதிரே வரிசை வரிசையாக ஜன்னல்கள், கும்பலாகப் பாய்ந்து ஓடும் கரிய உருவங்கள். கீழே "1917 அக்டோபர்" என்று போட்டோம். புத்தகம் வந்த பிறகுதான் தெரிந்தது, அது 1920 நவம்பரில் நடந்த ஒரு பிரம்மாண்டமான நாடகத்தின் படம். புரட்சியின் மூன்றாம் ஆண்டு விழாவுக்காக நிக்கொலாய் எவ்ரெய்னொவ் என்ற நாடக இயக்குநர் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டி அதே மைதானத்தில் நடத்திய காட்சி. அந்தப் படத்தில் பார்வையாளர்களையும், இயக்குநர் நின்று கட்டளையிட்ட மேடையையும் ரீடச் செய்து அழித்திருந்தார்கள். கொஞ்சம் நிதானித்திருந்தால் நானே பிடித்திருக்கலாம். 1917இல் அரண்மனை விழுந்தது நள்ளிரவு தாண்டி. அந்த இருட்டில் ஓடுகிற ஆட்களை அன்றைய கேமராவில் அவ்வளவு தெளிவாக எடுக்க வழியே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். படத்தைப் பார்ப்பதற்கு முன், இதன் நெகட்டிவ் எங்கே இருக்கிறது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கேட்பேன். ரஷ்யப் படங்களைப் பொறுத்தவரை அந்தக் கைமாறிய கதைதான் பாதி வரலாறு. அதனால் தொகுப்புகளை அந்த வழியிலேயே சொல்கிறேன்.

ஆரம்பிக்க வேண்டிய இடம் செர்கே புரொகூதின்-கோர்ஸ்கியின் தொகுப்பு. முகநூலில் "நூறு வருடத்துக்கு முந்தைய ரஷ்யா, கலரில்" என்று வருவதெல்லாம் பெரும்பாலும் இவருடையதுதான். "இது கணினியில் வண்ணம் பூசியது" என்று கீழே யாராவது எழுதியிருப்பார்கள். பூசியதில்லை, அசலான வண்ணம். 1863இல் பிறந்த இவர் வேதியியல் படித்தவர். 1902இல் பெர்லினில் அடோல்ஃப் மீட்டேயிடம் வண்ணப் புகைப்பட முறையைக் கற்றார். 1908இல் யாஸ்னயா பொல்யானாவுக்குப் போய் டால்ஸ்டாயை வண்ணத்தில் எடுத்தார். அந்தப் படத்தால் கிடைத்த பெயர் இவரை ஜார் இரண்டாம் நிக்கலஸிடம் கொண்டு சேர்த்தது. பேரரசு முழுவதையும் வண்ணத்தில் பதிவு செய்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது இவர் திட்டம். ஜார் அனுமதிக் கடிதங்களும், இருட்டறை வசதி கொண்ட ஒரு ரயில் பெட்டியும் கொடுத்தார். 1909 முதல் 1915 வரை உரால், வோல்கா, காக்கசஸ், மத்திய ஆசியா என்று சுற்றினார்.

அவர் செய்த வித்தை இதுதான். ஒரு நீளமான கண்ணாடித் தகடு, ஏறத்தாழ 9 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம். அதில் ஒரே காட்சியை மூன்று முறை, ஒன்றன் கீழ் ஒன்றாக, நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகள் வழியாக எடுப்பார். மூன்றும் கறுப்பு வெள்ளைதான். பிறகு மூன்று லென்ஸ் கொண்ட விளக்கில் வைத்து, அதே நிற வடிகட்டிகள் வழியாகத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தால் வண்ணம் பிறக்கும். இன்று நாம் திரையில் பார்க்கும் இந்தப் படங்களை அவர் காலத்துப் பெரும்பாலானோர் காகிதத்தில் பார்க்கவில்லை. இருட்டு அறையில், சுவரில் விழுந்த ஒளியாகத்தான் பார்த்தார்கள்.

நேரம் கிடைத்தால் ஒன்றைச் செய்து பாருங்கள். புகாரா அமீர் ஆலிம் கானின் படம் இருக்கிறது, 1911ஆம் ஆண்டு. அதன் வண்ணப் படத்தை விட்டுவிட்டு, மூன்று பட்டைகளும் உள்ள தகட்டின் ஸ்கேனை இறக்கிக்கொள்ளுங்கள். அமீரின் பட்டு அங்கி நீலம். மேல் பட்டை நீல வடிகட்டியில் எடுத்தது, அதில் அங்கி வெளிறித் தெரியும். கீழ்ப் பட்டை சிவப்பு வடிகட்டி, அதில் அதே அங்கி கறுத்துக் கிடக்கும். படத்தை எடிட் செய்யும் ஏதாவது ஒரு மென்பொருளில் மூன்றையும் வெட்டி, நீலம், பச்சை, சிவப்புச் சானல்களில் வைத்து, ஒன்றோடொன்று பொருந்தும்வரை நகர்த்துங்கள். ஓரம் பொருந்திய அந்த நொடியில் அங்கி நீலமாகும், அதன் பூவேலை மேலெழும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் கணினிப் பார்வை படிக்கிற மாணவர்களுக்கு இதே தகடுகளைப் பொருத்துவதுதான் முதல் வீட்டுப்பாடம்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. மூன்று படங்களும் ஒரே நொடியில் எடுத்தவை அல்ல. இடையில் அசைந்த எதுவும் மூன்று இடத்தில் பதிவாகும். ஓடும் ஆற்றில் வானவில் மாதிரி திட்டுத் திட்டாக நிறம் தெரியும். அசையாமல் நிற்க முடியாத குழந்தையின் தலையைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக ஓரம் கட்டியிருக்கும். அந்தப் பிசிறைத் துடைத்துச் சுத்தப்படுத்திய பிரதிகள்தான் இணையத்தில் அதிகம் ஓடுகின்றன. என்னைக் கேட்டால் பிசிறு உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள், அசல் என்பதற்கு அதுவே முத்திரை.

எனக்குப் பிடித்த படம் அமீருடையது அல்ல. செர்னிகோவ் மதகின் கண்காணிப்பாளர் பிங்க்ஹஸ் கர்லின்ஸ்கி என்ற வெள்ளைத்தாடிக் கிழவர், 1909. வயது 84, வேலைக்குச் சேர்ந்து 66 வருடம் என்று குறிப்பு சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பிறந்தது 1825வாக்கில், வேலையில் சேர்ந்தது 1843வாக்கில். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்ததே 1861இல்தான். அந்தக் காலத்து மனிதர் ஒருவர் வண்ணத்தில் நம்மை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

1918இல் புரொகூதின்-கோர்ஸ்கி ரஷ்யாவை விட்டு வெளியேறினார். நார்வே, இங்கிலாந்து வழியாகப் பிரான்ஸ் போய், 1944இல் பாரிஸில் இறந்தார். எடுத்த தகடுகளில் ஒரு பகுதியைத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. 1948இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவர் மகன்களிடமிருந்து 1,902 தகடுகளையும் ஆல்பங்களையும் வாங்கியது. அப்புறம் அரை நூற்றாண்டு அவை பெட்டிகளில்தான் கிடந்தன. 2000இல் எல்லாத் தகடுகளையும் ஸ்கேன் செய்தார்கள். 2001 கண்காட்சிக்காக 122 படங்களைக் கையால் பொருத்தினார்கள். 2004இல் கணினி நிரல் வழியாக மீதி எல்லாவற்றையும் வண்ணமாக்கினார்கள். இன்று அந்த நூலகத்தின் தளத்தில் பெரிய அளவுக் கோப்புகளாகவே இலவசமாக இறக்கலாம். தகடு தொலைந்து ஆல்பத்தில் கறுப்பு வெள்ளைப் பிரதி மட்டும் மிஞ்சிய படங்களும் நூற்றுக்கணக்கில் அங்கே உள்ளன. அவற்றுக்கு யாராவது வண்ணம் காட்டினால் அது நிச்சயம் பூசியதுதான்.

ஒரு எச்சரிக்கை. இது ஜாரின் அனுமதியோடு, ஜார் கொடுத்த ரயில் பெட்டியில் போய் எடுத்த ரஷ்யா. கோயில்கள், கால்வாய்கள், தொழிற்சாலைகள், அழகான உடையில் பழங்குடியினர், சுத்தமான கிராமங்கள். வேலைநிறுத்தமோ பட்டினியோ இதில் இல்லை. அது வேண்டுமானால் மக்சீம் திமித்ரியெவிடம் போக வேண்டும். நீஷ்னி நோவ்கரதில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். 1891–92 பஞ்சத்தின்போது கிராமம் கிராமமாகப் போய், காய்ச்சலில் கிடப்பவர்களையும், மாட்டுத் தீவனத்துக்காகக் கூரை வைக்கோலை உருவிவிட்ட குடிசைகளையும், இலவச உணவுக் கூடங்களையும் எடுத்து ஆல்பமாக வெளியிட்டார். வறுமையைப் புகைப்படத்தால் ஆவணப்படுத்தியதில் ரஷ்யாவில் அவர்தான் முன்னோடி. அதே ஆள் வோல்கா நதியை ரீபின்ஸ்கிலிருந்து அஸ்த்ரகான் வரை முழுவதுமாகப் படமெடுத்தும் வைத்திருக்கிறார்.

மத்திய ஆசியாதான் உங்கள் தலைப்பு என்றால் துருக்கிஸ்தான் ஆல்பம். ரஷ்யப் படை அந்தப் பகுதியைப் பிடித்த சூட்டோடு, முதல் கவர்னர் ஜெனரல் கவுஃப்மன் உத்தரவில் 1871–72இல் தயாரானது. ஏறத்தாழ 1,200 படங்கள். தொல்லியல், மக்கள், தொழில்கள், போர் வரலாறு என்று நான்கு பகுதி. பிடித்த நாட்டைப் பட்டியல் போட்டு வைக்கும் கண் அதில் தெரியும். நம் ஊரில் பிரிட்டிஷார் சாதி வாரியாக எடுத்துத் தள்ளிய படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண் பழகியதுதான். இதுவும் காங்கிரஸ் நூலகத்தில் கிடைக்கும்.

அரச குடும்பத்தின் அந்தரங்கப் படங்கள் வேண்டுமா? ஜாரும் மகள்களும் கையில் கேமராவோடு திரிந்தவர்கள், மாலையில் உட்கார்ந்து ஆல்பத்தில் ஒட்டுவது வீட்டு வழக்கம். பெரும்பகுதி மாஸ்கோவில் அரசு ஆவணக் காப்பகத்தில். அரசியின் தோழி ஆன்னா விருபவாவிடம் இருந்த ஆறு ஆல்பங்கள் அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில்.

பீட்டர்ஸ்பர்க் நகரம் என்றால் கார்ல் புல்லா. நெவ்ஸ்கி வீதி 54ஆம் எண்ணில் ஸ்டூடியோ. ஜார் முதல் தெருவில் மீன் விற்பவர் வரை அவர் எடுக்காதவர் இல்லை. அவர் மகன் விக்தர் புல்லா எடுத்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது: 1917 ஜூலை 4, நெவ்ஸ்கியும் சதோவயா வீதியும் சந்திக்கும் முனை, மேலிருந்து எடுத்தது, துப்பாக்கிச் சூட்டில் மக்கள் சிதறி ஓடுகிறார்கள், சிலர் தரையில் குப்புறக் கிடக்கிறார்கள். தேதியைக் கவனியுங்கள், ஜூலை. இதை அக்டோபர் புரட்சிக்குப் படமாகப் போட்டால் தவறு. அக்டோபரில் நெவ்ஸ்கி வீதியில் டிராம் ஓடிக்கொண்டிருந்தது.

விக்தர் புல்லாவின் கதையைச் சொல்லாமல் அந்தத் தொகுப்பைத் தாண்ட எனக்கு மனமில்லை. லெனினையும் ஆரம்பகாலச் சோவியத் தலைவர்களையும் எடுத்தவர் அவர். 1935இல் குடும்பத்தின் மொத்தச் சேகரிப்பையும், ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட நெகட்டிவ்களை, லெனின்கிராட் அரசுக் காப்பகத்துக்குத் தானாகவே கொடுத்தார். மூன்று வருடம் கழித்து, 1938இல், கைது செய்து சுட்டுக் கொன்றார்கள். படங்கள் பத்திரமாக இருக்கின்றன, இன்று பீட்டர்ஸ்பர்க்கின் திரைப்பட, புகைப்பட, ஒலி ஆவணக் காப்பகத்தில்.

இனி சோவியத் காலம். இதன் தாய்க் காப்பகம் மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னகோர்ஸ்க் ஊரில் இருக்கிறது. 1926இல் தொடங்கியது, பத்து லட்சத்துக்கு மேல் புகைப்பட ஆவணங்கள். நம் பக்கத்தில் ஒரு தலைமுறை, பள்ளி நோட்டுக்கு "சோவியத் நாடு" இதழின் வழவழத் தாளில் அட்டை போட்டு வளர்ந்தது. டிராக்டர் ஓட்டும் பெண், சிரிக்கும் சுரங்கத் தொழிலாளி எல்லாம் நோட்டுக்கு மேலேயே இருப்பார்கள். அவை பொய்ப் படங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எதை எடுக்கலாம், எதை வெளியிடலாம் என்று ஒரு கை வடிகட்டிய பிறகு மிஞ்சியவை. சில சமயம் அந்தக் கை, வெளியான படத்துக்குள்ளேயே புகுந்தது.

இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் 1920 மே 5. போலந்துப் போர்முனைக்குப் போகும் படையினர் முன், மாஸ்கோ பல்ஷோய் அரங்கின் எதிரே, மரமேடையில் லெனின் முன்னால் சாய்ந்து பேசுகிறார். எடுத்தவர் கிரிகோரி கோல்ட்ஷ்டெய்ன். மேடைக்கு வலப்பக்கப் படியில் தொப்பியோடு டிராட்ஸ்கி, அவருக்குப் பின்னால் பாதி மறைந்தபடி காமெனெவ், இருவரும் அன்றைய கட்சித் தலைவர்கள். ஸ்டாலினோடு மோதி டிராட்ஸ்கி வீழ்ந்த பிறகு வந்த பிரதிகளில் அந்தப் படிகளில் இருவரையும் காணோம், வெறும் பலகைதான். இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம்: அதே கூட்டத்தில் கோல்ட்ஷ்டெய்ன் சில நொடி முன்பின்னாக வேறு படங்களும் எடுத்திருக்கிறார், டிராட்ஸ்கி அந்த இடத்தில் இல்லாத படமும் உண்டு. ஆகவே டிராட்ஸ்கி இல்லாத படத்தைக் கண்டதும் "அழித்துவிட்டார்கள்" என்று பாயக்கூடாது. லெனினின் கை, உடல் சாய்வு இரண்டையும் ஒப்பிட்டு, அது அதே நெகட்டிவ்தானா என்று முதலில் பாருங்கள்.

மாஸ்கோ–வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் நடந்துபோகும் குட்டையான மனிதர் யெஷோவ், ரகசியப் போலீஸின் தலைவர். 1940 பிப்ரவரியில் அவரையும் சுட்டுவிட்டார்கள். பிந்தைய பிரதியில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் ஓடுகிறது.

இவற்றைத் தேடிப் பிடித்துப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டியவர் டேவிட் கிங் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர். 1970இல் டிராட்ஸ்கியின் படம் தேடி மாஸ்கோ போனவருக்கு அரசுக் காப்பகங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில் ஆரம்பித்த சேகரிப்பு வாழ்நாள் முழுவதும் நீண்டு, இரண்டரை லட்சம் உருப்படிகளானது. 2016இல் அவர் இறந்தார். சேகரிப்பு இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்திடம். அவர் கண்டெடுத்ததில் என்னை உலுக்கியது லெனினோ ஸ்டாலினோ அல்ல, சோவியத் வடிவமைப்பாளரும் புகைப்படக்காரருமான அலெக்சாந்தர் ரோத்சென்கோவின் வீட்டில் இருந்த ஒரு புத்தகம். உஸ்பெகிஸ்தானின் பத்தாண்டு நிறைவுக்காக 1934இல் ரோத்சென்கோவே வடிவமைத்த ஆல்பம். சில வருடங்களில் அதில் இருந்த உஸ்பெக் தலைவர்கள் பலர் மக்கள் விரோதிகளாக அறிவிக்கப்பட்டார்கள். அந்த முகங்கள் இருக்கும் புத்தகம் வீட்டில் இருப்பதே ஆபத்து. ரோத்சென்கோ தன் சொந்தப் பிரதியில், தானே அமைத்த பக்கங்களில், முகங்களை ஒவ்வொன்றாக மையால் மூடியிருக்கிறார். தோள்பட்டையும் பதக்கமும் அப்படியே இருக்கின்றன, கழுத்துக்கு மேல் கறுப்புக் குழம்பு.

பல லட்சம் வீடுகளில் நடந்தது இதுதான். குடும்பப் படத்தில் கத்தரித்த ஓட்டை, பிளேடால் சுரண்டிய முகம். அரசு நேரடியாகவே பிளேடு எடுக்கச் சொன்னதும் உண்டு. யெஷோவுக்குப் பின் ரகசியப் போலீஸின் தலைவரான பெரியாவை 1953இல் சுட்ட பிறகு, சோவியத் பெருங்கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்குப் புதுத் தாள்கள் அனுப்பினார்கள். ஐந்தாம் தொகுதியில் பெரியா பற்றிய கட்டுரையையும் படத்தையும் கத்தியால் அகற்றிவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளவும் என்று குறிப்பு. புதுத் தாளில் பெரிங் கடல் பற்றி விலாவாரியாக எழுதியிருந்தது. அகர வரிசைக்குப் பங்கமில்லை.

அடுத்து, நீங்கள் கட்டுரையில் பஞ்சத்தைத் தொடுவீர்கள் என்றால் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சோவியத் காலத்தில் இரண்டு பெரும் பஞ்சங்கள் உண்டு. 1921–22இல் வோல்காப் பகுதியை மையமாகக் கொண்டது ஒன்று, ஏறத்தாழ 50 லட்சம் பேர் இறந்தார்கள். 1932–33இல் உக்ரைனையும் கஜகஸ்தானையும் மற்ற தானியப் பகுதிகளையும் தாக்கியது இன்னொன்று. முதல் பஞ்சத்தில் அரசு வெளிநாட்டு உதவியைக் கேட்டு வாங்கியது. அமெரிக்க நிவாரண அமைப்பு உச்சத்தில் நாளொன்றுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் சோறு போட்டது. நார்வேயின் துருவ ஆய்வாளர் நான்சன் நேரில் வந்து படமெடுத்து, நிதி திரட்ட அவற்றைத் தபால் அட்டையாக விற்றார், ஊர் ஊராகத் திரையில் காட்டினார். ஆகவே அந்தப் பஞ்சத்துக்குப் படங்கள் ஏராளம். இரண்டாம் பஞ்சத்தை அரசு இல்லவே இல்லை என்று மறைத்தது. படமெடுப்பது ஆபத்து. ஆகவே படங்கள் மிகக் குறைவு.

இந்த ஏற்றத்தாழ்வுதான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம். 1933க்குப் படம் தேடுபவர்கள் 1921 படங்களை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். 1935இலேயே இது தொடங்கிவிட்டது: அமெரிக்காவின் ஹெர்ஸ்ட் நாளிதழ்களில் தாமஸ் வாக்கர் என்ற பெயரில் உக்ரைன் பஞ்சப் படங்கள் வந்தன, அவற்றில் பழைய பஞ்சத்தின் படங்கள் கலந்திருந்தன. புரட்டு வெளிப்பட்டது. விளைவு என்ன? "படமே பொய், அப்படியானால் பஞ்சமும் பொய்" என்று சொல்ல விரும்பியவர்களுக்கு வாய்ப்பாகிவிட்டது. உண்மையில் செத்த லட்சக்கணக்கான மக்களுக்குத் தவறான படம் செய்த துரோகம் அது. நினைவு நாள் சுவரொட்டிகளில்கூட இந்தத் தவறு இன்றும் நடக்கிறது.

1933இன் அசல் படங்களில் முக்கியமானவை அலெக்சாந்தர் வீனர்பெர்கர் எடுத்தவை. ஆஸ்திரியப் பொறியாளர், கார்கிவ் நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, கையில் சிறிய லைக்கா கேமரா. எடுத்தவற்றை ஆஸ்திரியத் தூதரகப் பை வழியாக வெளியே கடத்தினார். வியன்னாவின் கார்டினல் இன்னிட்ஸருக்குக் கொடுத்த ஆல்பம் இன்றும் அந்த மறைமாவட்டக் காப்பகத்தில் இருக்கிறது. இரண்டு பஞ்சத்தின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பழகிவிடும். 1921 படங்களில் குழந்தைகள் வரிசையாக நிறுத்தப்பட்டு கேமராவைப் பார்க்கிறார்கள். எலும்பு தெரிய உடை களைந்து நிற்கிறார்கள். மருத்துவமனைச் சுவர், பனியில் குவித்த பிணங்கள். நின்று, நேரம் எடுத்து, உதவி கேட்பதற்காக எடுத்த படங்கள் அவை. வீனர்பெர்கருடையவை நகரத் தெரு. நடைபாதையில் ஒருவர் விழுந்து கிடக்கிறார், பக்கத்தில் தொப்பி போட்டவர்கள் தாண்டிப் போகிறார்கள், யாரும் கேமராவைப் பார்ப்பதில்லை. கோணம் சற்றுச் சரிந்திருக்கும், தூரத்திலிருந்து அவசரமாக எடுத்தது தெரியும். 1921 படங்களுக்கு ஸ்டான்ஃபோர்டில் உள்ள ஹூவர் நிறுவனத்தின் தொகுப்பு நம்பகமானது, அமெரிக்க நிவாரண அமைப்பின் ஆவணங்கள் அங்கேதான் இருக்கின்றன.

போர்க்காலப் படங்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைஷ்டாக் மேல் செங்கொடி, 1945 மே 2, யெவ்கெனி கல்தேய். முதல் கொடி ஏறியது ஏப்ரல் 30 இரவு, அதைப் படம் பிடிக்கவில்லை. கல்தேய் மாஸ்கோவிலிருந்து சிவப்பு மேசைவிரிப்பில் தைத்த கொடிகளைக் கையோடு கொண்டுபோயிருந்தார். இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருந்த அதிகாரியின் ஒரு கடிகாரத்தை வெளியிடும் முன் சுரண்டி எடுத்தார்கள், கொள்ளையடித்தது என்று தோன்றிவிடும் என்ற பயம். கெர்ச் ஊருக்கு வெளியே 1942 ஜனவரியில் பிணங்களுக்கு நடுவே சொந்தங்களைத் தேடும் பெண்களின் படம் திமித்ரி பால்தெர்மன்ஸ் எடுத்தது. அதன் கனத்த மேகங்கள் இன்னொரு நெகட்டிவிலிருந்து பிற்பாடு சேர்த்தவை. பிணங்களும் பெண்களும் உண்மை, வானம் மட்டும் சேர்த்தது. படக்குறிப்பில் அதையும் சொல்லிவிட்டுப் போடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

அரசின் கண்ணில் படாத படங்களும் உண்டு. மார்ட்டின் மன்ஹாஃப் என்ற அமெரிக்க மேஜர் 1952 முதல் 1954 வரை மாஸ்கோ தூதரகத்தில் இருந்தார். கிரெம்ளினுக்கு எதிரில் இருந்த அன்றைய தூதரகக் கட்டடத்திலிருந்து 1953 மார்ச்சில் ஸ்டாலினின் இறுதி ஊர்வலத்தை வண்ணப் பிலிமில் பிடித்தார். உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டி வெளியேற்றினார்கள். பெட்டிகள் சியாட்டிலில் கிடந்து, அவர் காலத்துக்குப் பின் டக்ளஸ் ஸ்மித் என்ற வரலாற்றாசிரியர் கண்ணில் பட்டு, 2017இல் வெளிவந்தன. தலைவர்கள் இல்லாத தெருக்கள்தான் அதில் எனக்குப் பொக்கிஷம்: கடை வாசலில் வரிசை, ரயில் ஜன்னல் வழியே ஓடும் மரவீடுகள்.

இன்னொரு பக்கம் ஸ்டாலின் காலச் சிறைப் படங்கள். ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில், கீழே பெயர்ப்பலகை. மாஸ்கோவுக்குத் தெற்கே பூதொவோவில் மட்டும் 1937 ஆகஸ்டிலிருந்து 1938 அக்டோபர் வரை 20,761 பேரைச் சுட்டார்கள். அவர்களில் பலருக்குக் கடைசிப் படம் இதுதான். இத்தகைய படங்களையும் குடும்பங்கள் ஒளித்துவைத்த படங்களையும் சேர்த்தது மெமோரியல் அமைப்பு. 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது, அடுத்த ஆண்டே நோபல் அமைதிப் பரிசில் அதற்குப் பங்கு கிடைத்தது.

சரி, வீட்டில் உட்கார்ந்து தேட என்ன வழி? மாஸ்கோ மல்டிமீடியா கலை அருங்காட்சியகமும் ரஷ்யத் தேடுபொறி நிறுவனமான யாண்டெக்ஸும் சேர்ந்து நடத்தும் "ரஷ்ய வரலாறு புகைப்படங்களில்" என்ற தளம் முதலில். ஆண்டை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம், காப்பகப் படங்களோடு சாதாரணக் குடும்ப ஆல்பங்களும் கலந்திருக்கும். இடம் தெரிய வேண்டுமென்றால் பாஸ்ட்வியூ: பழைய படங்களை வரைபடத்தில், கேமரா எந்தத் திசை பார்த்தது என்பதோடு குத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு படத்தின் தேதியைப் பற்றி அங்கே உறுப்பினர்கள் டிராம் தடத்தையும் கடைப் பலகையையும் வைத்து நாள் கணக்கில் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைகளைப் படிப்பதே ஒரு பயிற்சி. அருங்காட்சியகப் பொருள்களுக்கு அரசின் பொதுப் பட்டியல் தளம் உண்டு. ரஷ்ய அரசுத் தளங்கள் சில நேரம் வெளிநாட்டிலிருந்து திறக்காமல் மக்கர் செய்யும், அலுக்காமல் மறுபடி முயலுங்கள்.

ஆங்கிலத்தில் தேடினால் கிடைத்ததே கிடைக்கும். பெயரை மொழிபெயர்ப்புக் கருவியில் இட்டு ரஷ்ய எழுத்தில் எடுத்து, யாண்டெக்ஸின் படத்தேடலில் போடுங்கள். ஊர்ப் பெயர் மாறியதை மறக்காதீர்கள்: பீட்டர்ஸ்பர்க் 1914இல் பெத்ரோகிராட், 1924இல் லெனின்கிராட், 1991இல் மறுபடி பீட்டர்ஸ்பர்க், சமாரா 1935 முதல் 1991 வரை குய்பிஷெவ், வோல்கோகிராட் முதலில் சரீத்ஸின், 1925 முதல் 1961 வரை ஸ்டாலின்கிராட். "லெனின்கிராட், 1919" என்று ஒரு குறிப்பு சொன்னால், அந்தக் குறிப்பை எழுதியது 1924க்குப் பிறகு என்று அர்த்தம். தேதியிலும் கவனம் வேண்டும். 1918 பிப்ரவரி வரை பழைய நாட்காட்டி, இருபதாம் நூற்றாண்டில் 13 நாள் பின்தங்கும். நான் மேலே சொன்ன ஜூலை 4, நமக்கு ஜூலை 17. அக்டோபர் புரட்சியின் ஆண்டு விழா நவம்பரில் வந்ததும் இதனால்தான்.

ரஷ்ய மொழி தெரியாவிட்டாலும் பிடித்துவிடக்கூடிய ஒரு தடயம் உண்டு. படத்தில் கடைப் பலகை தெரிந்தால், சொற்களின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலச் சின்ன b போல, தலையில் இடப்பக்கம் சின்னக் கொம்பு வைத்த எழுத்து சொல்லுக்குச் சொல் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால், அது 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பலகை. மெய்யில் முடியும் பெரும்பாலான சொற்களுக்கு அதைப் போட்டார்கள், சீர்திருத்தத்தில் தூக்கிவிட்டார்கள். பலகை பழையதாகவே தொங்கியிருக்கலாம், அதனால் அந்த வால் இருப்பதை மட்டும் வைத்துப் படத்தின் தேதியை முடிவு செய்யாதீர்கள். ஆனால் "1910" என்று சொல்லும் படத்தில் வால் ஒன்றுகூட இல்லையென்றால் சந்தேகப்படலாம்.

உரிமை விஷயம். புரொகூதின்-கோர்ஸ்கியும் துருக்கிஸ்தான் ஆல்பமும் தாராளமாகப் போடலாம். சோவியத் படங்களுக்கு ரஷ்யச் சட்டம் எடுத்தவர் இறந்து 70 ஆண்டு வரை பாதுகாப்புத் தருகிறது, போர்க்காலத்தில் பணியாற்றியவர் என்றால் இன்னும் நான்கு ஆண்டு. கல்தேய் இறந்தது 1997இல், அவர் படங்கள் 2071 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. கருத்தரங்கில் திரையில் காட்டுவதற்கு யாரும் கேட்கப்போவதில்லை, கட்டுரை நூலாக வரும்போதுதான் தலைவலி.

படத்தைப் போடும்போது எடுத்தவர், இடம், நாள், இப்போது இருக்கும் காப்பகம், காப்பக எண் ஐந்தையும் எழுதிவிடுங்கள். எண் கிடைக்காத படத்தை நான் இப்போதெல்லாம் எடுப்பதே இல்லை. அந்த அரண்மனைப் படம் போட்ட நூலில் இரண்டாம் பதிப்பு வரவில்லை, திருத்தமும் போட முடியவில்லை. பழைய புத்தகக் கடையில் எப்போதாவது அது கண்ணில் பட்டால் வாங்கி, படக்குறிப்பில் 1917ஐ அடித்து 1920 என்று பேனாவால் எழுதி வைக்கிறேன். இதுவரை நான்கு பிரதி ஆயிற்று.